பூனைக்கு ஓட்ஸ் கஞ்சி கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படி?

உங்கள் ஓட்ஸ் கஞ்சியைப் பூனை நக்கிவிட்டதே என்று பதறிப்போய்த் தேடுகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் கஞ்சியில் வேறு என்னவெல்லாம் போட்டீர்கள் என்று யோசியுங்கள். வெறும் ஓட்ஸும் தண்ணீரும்தான் என்றால் பயமே வேண்டாம். ஓட்ஸ் பூனைக்கு விஷம் இல்லை. நாம் அதோடு சேர்க்கிற பொருட்களால்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது.

பாலில் இருந்தே தொடங்கலாம். குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி நன்றாகச் சுரக்கும், பால்குடி மறந்த பிறகு அது குறைந்துகொண்டே போகும். அதனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டுப் பூனை ஒரு நாள் நான் பாலில் காய்ச்சிய கஞ்சிக் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து நக்கிவிட்டு, மீசையில் கஞ்சிப் பொட்டுகளோடு நிம்மதியாகத் தூங்கப் போனது. ராத்திரி மூன்று முறை வயிற்றால் போனது, மறுநாள் மத்தியானம் வரை சோர்ந்து கிடந்தது. அத்தனைக்கும் அது நக்கியது இரண்டு ஸ்பூன் கூட இருக்காது.

பாலால் வயிறு கெடும், ஆனால் அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வெங்காயமும் பூண்டும் அப்படி இல்லை. பாக்கெட்டில் வரும் காரமான ஓட்ஸில் இவை பொடியாகக் கலந்திருக்கும், பொடி என்றால் இன்னும் செறிவு அதிகம், வேகவைத்தாலும் அந்த நச்சுத்தன்மை போகாது. பூனையின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். இதில் மோசமான விஷயம், அறிகுறிகள் உடனே தெரியாமல் சில நாள் கழித்தும் வரலாம் என்பதுதான்: ஈறு வெளுத்துப்போவது, மூச்சு வேகமாவது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது. எனவே காரப் பாக்கெட்டைப் பூனை தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். சாக்லேட் சேர்ந்திருந்தாலும் இதேதான். உலர்திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், பூனையிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம், அதற்கும் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை, தேன் எல்லாம் போட்டுக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணுக்களில் ஒன்று பூனைகளிடம் வேலை செய்வதில்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் கிண்ணத்தை அது சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் பாலின் கொழுப்பு வாசனைக்கும் இளஞ்சூட்டுக்கும்தான் வருகிறது.

சரி, வெறும் ஓட்ஸ் கொடுத்தால் என்ன பயன்? நேர்மையாகச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் நார்ச்சத்து கிடைக்கும், அவ்வளவுதான். பூனை முழுக்க முழுக்க இறைச்சியை நம்பி வாழ்கிற உயிர். அதற்கு வேண்டிய டாரைன் என்ற சத்து தாவரங்களில் இல்லை என்றே சொல்லலாம். டாரைன் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்கிப்போகிறது என்று 1987-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது, கண்ணின் விழித்திரையும் கெடும். ஓட்ஸில் புரதம் இருக்கிறதே என்று சிலர் இறைச்சிக்குப் பதிலாகக் கஞ்சியைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி போதும். வழக்கமான சாப்பாடு போக இடையில் கொடுக்கும் தீனி வகையறா எல்லாம் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் வெந்த ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 10 கலோரி இருக்கும். கணக்குப்படி இரண்டு கரண்டி கூடக் கொடுக்கலாம் போலத் தோன்றும், ஆனால் நான் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போக மாட்டேன், அதுவும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும்.

செய்முறை எளிதுதான். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சேர்மானத்தில் ஓட்ஸ் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு ஸ்பூன் ஓட்ஸுக்கு மூன்று ஸ்பூன் தண்ணீர், உப்பு வேண்டாம். விரலில் வைத்து நசுக்கினால் துளிக்கூட நறுக்கென்று இல்லாமல் மசிய வேண்டும், அது வரை வேகவிடுங்கள். வேகாத ஓட்ஸைக் கொடுக்காதீர்கள், செரிக்கக் கஷ்டம். நன்றாக ஆறியதும் முதல் தடவை கால் டீஸ்பூன் மட்டும் எடுத்து, அது வழக்கமாகச் சாப்பிடும் ஈர உணவில் கலந்து வையுங்கள். அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ சொறிச்சலோ வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனால் வற்புறுத்த வேண்டாம், தட்டை எடுத்துவிடுங்கள்.

குட்டிகளுக்கு வேண்டாம், அந்தச் சின்ன வயிற்றில் ஒவ்வொரு வாயும் புரதமாகப் போக வேண்டிய வயது அது. சர்க்கரை நோய் உள்ள பூனைக்கும், மருத்துவர் தனி உணவு எழுதிக் கொடுத்த பூனைக்கும் அவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு சந்தர்ப்பங்களில் கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்து. ஒன்று, பூனை ஒரு நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடாமல் இருப்பது. நாம் காய்ச்சலில் கஞ்சி குடிப்பது போல அதற்கும் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றும், ஆனால் பூனை பட்டினி கிடந்தால் சில நாளிலேயே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று, மணல் பெட்டியில் உட்கார்ந்து முக்குவது. மலச்சிக்கல் என்று நினைத்து நார்ச்சத்துக்காக ஓட்ஸ் கொடுப்பவர்கள் உண்டு. ஆண் பூனையாக இருந்தால் அது சிறுநீர் அடைப்பாகவும் இருக்கலாம், ஒன்றிரண்டு நாளில் உயிரையே எடுத்துவிடும். மணல் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள், காய்ந்திருந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

உங்கள் பூனைக்கு ஓட்ஸ் மேல் அப்படி ஒரு ஆசை என்றால் நான் சொல்வது இதுதான்: உமி நீக்காத, மருந்து தெளிக்காத ஓட்ஸ் விதையை வாங்கி ஒரு சின்னத் தொட்டியில் தூவி, மண் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். பூனைப்புல் என்று விற்பதில் பல இந்த ஓட்ஸ் முளைதான். ஒரு வாரம் பத்து நாளில் விரல் நீளத்துக்குப் புல் வந்துவிடும். ஜன்னலோரம் வைத்துவிட்டால், தலையைச் சாய்த்துக் கடைவாயால் கறுக் கறுக்கென்று அது மெல்லும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும்.