இரும்புச்சத்து மாத்திரை: போடுமுன் பார்க்க வேண்டியவை

பாலக்காடு மாவட்டத்தில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடிப் பக்கம் ரத்தம் குறைவு என்றதும் சிவப்பு மாத்திரைதான். ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. உடலுக்கு மிகுதி இரும்பை வெளியேற்றும் வழி கிடையாது. கல்லீரலிலும் இதயத்திலும் படியும். அட்டப்பாடியில் அரிவாள் அணு நோய் என்ற பரம்பரை ரத்த நோயும் உண்டு. ஏற்றும் ரத்தத்தோடும் இரும்பு சேரும்; அதனால் பலமுறை ரத்தம் ஏற்றியவர்கள் தாமாக மாத்திரையைத் தொடவே கூடாது.

முதலில் ரத்த அறிக்கையில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) எண்ணை ஆர்பிசி (சிவப்பணுக்களின் எண்ணிக்கை) எண்ணால் வகுங்கள். உதாரணமாக, 65ஐ 5.5ஆல் வகுத்தால் சுமார் 11.8. 13க்குக் கீழே வந்தால், காரணம் இரும்புக் குறைவாக இல்லாமல், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய ஹெச்பி எலக்ட்ரோபோரசிஸ் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை) கேளுங்கள். வகுத்து வரும் எண் குறிப்புதான், முடிவல்ல.

அடுத்து ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது) பரிசோதனைகள். முந்தைய நாளே மாத்திரையை நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். காய்ச்சலிலும் கொழுப்புக் கல்லீரலிலும் ஃபெரிட்டின் மட்டும் ஏறும். அதை வைத்துப் பயப்பட வேண்டாம். சாச்சுரேஷனும் 45 சதவீதத்தைத் தாண்டினால்தான் உடலில் இரும்பு மிகுதி என்ற சந்தேகம் வலுக்கும். அப்போது இரும்பு டானிக், வைட்டமின் சி மாத்திரை இரண்டையும் விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கர்ப்பிணிகள் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. இரும்பை நிறுத்தச் சொன்னாலும் ஃபோலிக் அமிலம் தனியாகத் தொடர வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள்; சிவப்பு மாத்திரையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.