சருமத்துக்குத் தக்காளித் தொக்கு: செய்முறை

முகத்தில் விழும் சுருக்கங்களில் வயதுக்கு உள்ள பங்கைவிட வெயிலுக்கு உள்ள பங்கு பெரிது. புற ஊதாக் கதிர், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதமான கொலாஜனைச் சிதைக்கிறது. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் அதை ஓரளவு தாக்குப்பிடிக்க உதவும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயுடன் 10 வாரம் சாப்பிட்டவர்களுக்குப் புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் சிவப்பது சுமார் 40 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் எண்ணெயைக் கவனியுங்கள்.

படி 1: நன்கு சிவந்த பழம் ஒரு கிலோ. தோலை உரிக்காதீர்கள், லைக்கோபீன் அதில்தான் அதிகம். அப்படியே அரையுங்கள்.

படி 2: பலரும் கோட்டை விடும் இடம் இது. பச்சையாக நறுக்கிச் சாப்பிட்டால் லைக்கோபீன் செல்சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்; உடலில் சேர்வது குறைவு. சூடு சுவரை உடைக்கும், கொழுப்பு அதைக் கரைத்துக் குடலுக்குள் கொண்டுசெல்லும். ஆகவே நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, விழுதை ஊற்றி, சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை சுண்ட விடுங்கள். நீர்க்க இருக்கும்போதே இறக்கினால் அது சட்னி, தொக்கு அல்ல.

பாத்திரம்? அடிகனமான எவர்சில்வர்தான். அலுமினியமும் பதப்படுத்தாத இரும்பும் புளிப்போடு சேரவே சேராது.

படி 3: உப்பு, மிளகாய்த்தூள், அவ்வளவுதான். வெல்லம் வேண்டாம். இரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை விறைப்பாக்கும். இளமைக்காகச் செய்யும் தொக்கில் அதைப் போடுவானேன்?

கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். அது அடுப்புச் சூட்டில் பெருமளவு வீணாகிவிடும் என்பதால் தொக்கை நம்பாமல், ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ பச்சையாகத் தின்னுங்கள்.

பின்சேர்க்கை: லைக்கோபீனை மாத்திரையாகவே விழுங்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. லைக்கோபீனின் உறவான பீட்டா கரோட்டினை, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது.

தொக்கு சாப்பிட்டால் நெஞ்செரிகிறது என்பவர்களுக்குத் தர்ப்பூசணி இருக்கிறது. அதிலும் லைக்கோபீன் உண்டு, வேகவைக்கவும் தேவையில்லை. சாப்பாட்டை ஒட்டிச் சாப்பிட்டால், சாப்பாட்டில் உள்ள எண்ணெயே போதும்.