குழல் தேயவில்லை, கரிதான்

கிளப்பில் 50 மீட்டர் படுத்துச் சுடுபவன் நான். போன வருடம் என் பாயிண்ட் டூ டூ ரைபிளில் குண்டுகள் திடீரென்று இலக்கில் சிதறி விழ ஆரம்பித்தன. பத்துப் புள்ளி வட்டத்தில் விழ வேண்டியது எட்டுக்குப் போனது. தோட்டாவை மாற்றினேன், திருகுகளை இறுக்கினேன், ம்ஹூம். "பேரல் (குழல்) போச்சு, மாத்திடு" என்றார்கள் கிளப்பில்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பேரலை முக்கியமாகத் தின்பது குண்டின் உரசல் அல்ல, வெடிமருந்து எரியும் சூட்டு வாயு. தோட்டா அறையை ஒட்டிய தொண்டைதான் முதலில் அரிக்கும். 308 என்ற பெரிய தோட்டா ரகத்தில் சுமார் 5000 தோட்டாவில் அது தெரியத் தொடங்கும். ஆறவிடாமல் சுட்டால் இன்னும் சீக்கிரம். டூ டூவிலோ ஈயக் குண்டு, துளி மருந்து. நான் சுட்டது பத்தாயிரம்கூட இல்லை.

குட்டிக் கேமரா விட்டுப் பார்த்தால், தொண்டையில் கெட்டிப்பட்ட கரி வளையம்! கரைப்பானில் கால் மணி நேரம் ஊறவிட்டு, வெண்கலப் பிரஷ்ஷால் பின்பக்கமிருந்து தேய்த்தேன். (முன்வாய் வழியாகக் கம்பி விடாதீர்கள். அந்த விளிம்பு கெட்டால் அப்புறம் நிஜமாகவே பேரல் போச்சு.) மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. முதல் இருபது தோட்டா கொஞ்சம் தள்ளாடியது, பிறகு பழையபடி பத்திலேயே கொத்தாக விழுந்தது.