மெயில் இறங்கும்போது தண்டர்பேர்டு ஹேங்க் ஆகிறதா? ரீஇன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

மெயில் பார்க்கும் புரோகிராமான தண்டர்பேர்டில் ‘கெட் மெசேஜஸ்’ அழுத்தியதும் கீழே எண்கள் கொஞ்சம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். திரை வெளுத்துப்போய், மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல், ஷூ ஏற்றுமதி அலுவலகங்களில் மெயில் பார்ப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. வெளிநாட்டு பையர் அனுப்பும் சாம்பிள் போட்டோ, டெஸ்ட் ரிப்போர்ட், இன்வாய்ஸ் எல்லாம் ஒரே இன்பாக்ஸில் வருடக்கணக்காகச் சேர்கின்றன. எப்போது எது தேவைப்படுமோ என்று யாரும் எதையும் அழிப்பதில்லை.

உடனே பலரும் செய்வது, புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடி போடுவது. இதில் பெரும்பாலும் பலன் இல்லை. மெயில்கள் இருப்பது ‘புரோஃபைல்’ என்ற தனி ஃபோல்டரில். புரோகிராமை நீக்கினாலும் அது அப்படியே இருக்கும். புதிதாகப் போட்ட தண்டர்பேர்டும் அதே ஃபோல்டரைத் திறந்து, அதே இடத்தில் போய் நிற்கும். எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

முதலில், நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். தண்டர்பேர்டு வரியில் சிபியு, டிஸ்க், நெட்வொர்க் எண்களில் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி என்றால் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எல்லாமே வெகுநேரம் பூஜ்யத்தில் கிடந்தால் மட்டும் ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி திறக்கும்போது ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொன்னால், பழைய ஓட்டம் இன்னும் பட்டியலில் ஒளிந்திருக்கிறது. அதையும் முடியுங்கள், அல்லது கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எதில் கை வைப்பதற்கும் முன்னால் ஒரு நகல். தண்டர்பேர்டை மூடிவிட்டு, விண்டோஸ் பட்டனுடன் ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதற்குள் இருக்கும் தண்டர்பேர்டு ஃபோல்டரை முழுசாக வேறு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பென்டிரைவில் வைப்பதானால் ஒரு சிக்கல் உண்டு. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவ், 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைலை ஏற்காது. வழக்கமான அமைப்பில் தண்டர்பேர்டு ஒரு இன்பாக்ஸ் முழுவதையும் ஒரே ஃபைலாகத்தான் வைத்திருக்கிறது.

சரி, இப்போது மறுபடி மெயில் எடுத்து, கீழே ஓடும் எண்ணைக் கவனியுங்கள். இரண்டு மூன்று தடவை செய்து, நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே மெயிலில் நின்றால்

குற்றவாளி அந்த ஒரு மெயில்தான். பாப் முறையில், அதாவது சர்வரிலிருந்து மெயில்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறையில், மெயில் எடுப்பவர்களுக்கு இது அதிகம் வரும். இணைப்பாக வரும் ஃபைல்கள் மெயிலுக்குள் எழுத்துகளாக மாற்றி அனுப்பப்படுவதால், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 18 எம்பி போட்டோ கம்பி வழியே வரும்போது 24 எம்பி.

அப்புறம் இன்னொரு விஷயம். பாப் முறையில், எல்லாம் இறங்கி முடிந்து, புரோகிராம் முறையாக விடைபெற்ற பிறகுதான் சர்வர் பழைய மெயில்களை நீக்கும். நடுவில் அறுந்தால் எதையும் நீக்காது. அதனால்தான் ஹேங்க் ஆன பிறகு சில சமயம் அதே மெயில்கள் இரண்டு மூன்று பிரதியாக வந்து விழுகின்றன. வைரஸ் என்று பயப்பட வேண்டாம்.

தீர்வு எளிது. பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து, மெயில்களை அளவுப்படி பாருங்கள். பெரியதாக உள்ளதன் இணைப்பை அங்கிருந்தே கணினியில் இறக்கிச் சேமித்துவிட்டு, அந்த மெயிலை அழித்துவிடுங்கள். இனி வராமல் இருக்க, அக்கவுண்ட் செட்டிங்ஸில் ‘டிஸ்க் ஸ்பேஸ்’ பகுதியில், இத்தனை கேபிக்கு மேல் உள்ள மெயிலை இறக்காதே என்ற வசதியைப் போடலாம். அதில் எடுத்தவுடன் இருக்கும் 50 ரொம்பக் குறைவு. 5000 வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால்

நெட் இணைப்பையும் ஆன்டிவைரஸையும் சந்தேகப்படுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து மெயில் எடுங்கள். ஒழுங்காக வந்தால் அலுவலக நெட்டில்தான் கோளாறு. நெட் மெதுவாக இருக்கிறது, மாற்ற வழியில்லை என்றால், செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தின் அடியில் ‘கான்ஃபிக் எடிட்டர்’ இருக்கும். அதில் டிசிபிடைம்அவுட் என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அது. 100 விநாடி என்றிருப்பதை 300 ஆக்குங்கள்.

ஹாட்ஸ்பாட்டிலும் நின்றால், ஆன்டிவைரஸில் ‘மெயில் ஸ்கேன்’ பகுதியை மட்டும் சற்று நேரம் அணைத்துப் பாருங்கள். மொத்தமாக அணைக்க வேண்டாம். அதுதான் காரணம் என்று தெரிந்தால், தண்டர்பேர்டின் புரோஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கிவையுங்கள். மெயிலோடு வந்த ஃபைலைத் திறக்கும்போது ஆன்டிவைரஸ் எப்படியும் பார்க்கும். இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். ஏனென்றால் ஒரே ஒரு மெயிலில் வைரஸ் கண்டதும், அந்த மெயில் இருக்கும் ஃபைலை, அதாவது உங்கள் முழு இன்பாக்ஸையும், ஆன்டிவைரஸ் தூக்கித் தனியறையில் அடைத்துவிட வாய்ப்புண்டு.

எண்ணிக்கை முடிந்த பிறகு நின்றால்

மெயில் வந்துவிட்டது, அதை எழுதிவைக்கும் இடத்தில்தான் பிரச்சினை. நீங்கள் அழித்த மெயில்கள் உடனே ஃபைலிலிருந்து போவதில்லை. மறைக்கப்பட்டு, அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இன்பாக்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து ‘காம்பாக்ட்’ கொடுத்தால்தான் நிஜமாகப் போகும். அதற்கு, அந்த ஃபோல்டர் அளவுக்காவது டிஸ்க்கில் காலியிடம் வேண்டும். நடுவில் மூடக்கூடாது. வேலூர் வெயில் காலத்தில் கரன்ட் எப்போது போகும் என்று யாரால் சொல்ல முடியும், யூபிஎஸ் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எம்எஸ்எஃப் என்று முடியும் ஒரு அட்டவணை ஃபைல் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் முதலில் கெடுவது இதுதான். இன்பாக்ஸில் ரைட் கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘ரிப்பேர் ஃபோல்டர்’ கொடுத்தால் அட்டவணை புதிதாகக் கட்டப்படும். திறந்தவுடனே ஹேங்க் ஆகி, அந்த பட்டன் வரை போகவே முடியவில்லையா? தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரோஃபைலுக்குள் இருக்கும் அந்த எம்எஸ்எஃப் ஃபைலை மட்டும் அழியுங்கள். அதே பெயரில், வால் இல்லாமல் இருக்கும் ஃபைல்தான் உங்கள் மெயில்கள். அதைத் தொடாதீர்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால், ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே தண்டர்பேர்டைத் திறங்கள். கூடுதல் வசதிக்காகச் சேர்த்த ஆட்-ஆன்கள் இல்லாமல் திறக்கும். அப்படித் திறந்து மெயில் ஒழுங்காக வந்தால், ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கும் நின்ற இடத்தைப் பார்க்கும் முறை இதேதான். கருவிகள்தான் வேறு. ஆட்-ஆன் சோதனைக்கு, கன்ட்ரோல் பட்டனைப் பிடித்தபடி திறந்தால் சேஃப் மோடு கேட்கும். அட்டவணை ரிப்பேருக்குப் பதில் ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் தொகுப்போடு கூடவே வருகிறது. அவுட்லுக் மெயில்களை வைத்திருப்பது பிஎஸ்டி என்ற ஃபைலில். 2003, 2007 பதிப்புகளில் அதன் வரம்பு 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி. வரம்பை நெருங்கியிருந்தால் பழைய வருட மெயில்களைத் தனி பிஎஸ்டி ஃபைலுக்கு மாற்றுங்கள்.

எல்லாம் செய்தும் நிற்கிறது என்றால், உங்களுக்கு மெயில் சேவை தரும் ஆளுக்குப் போன் போடுங்கள். ‘சார், மெயில் வரல’ என்று மட்டும் சொன்னால் அவர் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்பார். பாப் முறையா, மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையா, எந்த எண்ணில் நிற்கிறது, ஹாட்ஸ்பாட்டில் என்ன ஆனது, வெப்மெயில் திறக்கிறதா என்று சொல்லுங்கள். அதற்குமேல் சர்வரில் பார்க்க வேண்டியது அவர் வேலை.