பெரிய கோவிலின் நிழல் தரையில் விழும்: சிறுவர் நூல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் சிறுவர்களுக்காக அறிவியல், கணக்கு, வரலாறு எழுத வருகிறவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். எழுதியதைக் கொண்டுவந்து "படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று கொடுக்கிறார்கள். வாங்கிப் படித்தால், நாங்கள் எழுத ஆரம்பித்த காலத்தில் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் செய்த அதே தவறுகள் அப்படியே வந்து நிற்கின்றன. சந்திப்பிழை, நீள வாக்கியம், சின்ன எழுத்து பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பின்னத்துக்கு பீட்சா எதற்கு?

பின்னம் என்றால் உடனே பீட்சாவை எட்டுத் துண்டாக வெட்டுகிறார்கள். பீட்சா படம் போடுவது குற்றமில்லை. ஆனால் நம் வயலே பின்னத்தில்தான் இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மன்னார்குடிப் பக்கம் பிள்ளைகள் வீட்டில் "நமக்கு மூணு மா நிலம்" என்று தினமும் கேட்கிறார்கள். மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர் என்பார்கள், ஆனால் சரியாக ஒரு ஏக்கர் இல்லை. எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, மூன்று மா 43,200. குறைவது 360 சதுர அடி, அதாவது இரண்டரைக் குழி. இந்த ஒரு கணக்கில் பெருக்கல், கழித்தல், பின்னம் மூன்றும் வந்துவிடுகின்றன, அப்புறம் பிள்ளை வீட்டுக்குப் போய் தாத்தாவிடம் இதைச் சொல்லும்.

பருவங்களும் அப்படித்தான். பனி பொழியும் படத்தோடு நான்கு பருவம் சொல்லும் புத்தகத்தில் நம் நெல் பருவங்களான குறுவையும் இல்லை, சம்பாவும் இல்லை, ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பார்களா என்று ஊரே காத்துக்கிடப்பதும் இல்லை.

"ஹாய் குட்டீஸ்! வாங்க வாங்க!"

வேண்டாம். தன்னை மட்டமாக எடைபோடுகிறார்கள் என்பது எட்டு வயதிலேயே புரிந்துவிடும்.

யாரும் அளந்து பார்க்காத அதிசயம்

எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற தவறு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருமுறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு தஞ்சாவூர்ப் பெரிய கோவிலுக்குப் போயிருந்தேன். காலை பத்து, பத்தரை மணி இருக்கும். விமானத்துக்கு, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்துக்குப் பின்னால், மேற்குத் திருச்சுற்றில் தரை சுட ஆரம்பித்துவிட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் கால் சூடு தாங்காமல் ஓடிப்போய் விமானத்தின் நிழலில் நின்றார்கள். அதில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கையில் பள்ளியில் பரிசாகக் கிடைத்த வரலாற்றுப் புத்தகம். 'இக்கோபுரத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை!' என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அவள் புத்தகத்தைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள், "சார், அப்ப இது என்ன?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த பெரியவர் ஒருவர், "அது வேற நிழல்மா, புக்ல தப்பாவா போடுவாங்க" என்றார். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

எனக்குக் கோபம் அந்தத் தலையாட்டலில்தான். கண்ணால் பார்த்ததை, காலால் உணர்ந்ததை, ஒரு அச்சடித்த வரிக்காக அவள் விட்டுக்கொடுத்தாள். அறிவியலையும் வரலாற்றையும் சொல்லித்தர எழுதிய புத்தகம் நேர் எதிரான வேலையைச் செய்திருக்கிறது.

நிழல் கண்டிப்பாக விழும். இந்த வதந்தி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால், அதுவே நல்ல அறிவியல் பாடம். விமானத்தின் அடித்தளம் சுமார் 30 மீட்டர் அகலம், உயரம் சுமார் 60 மீட்டர், மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரிக்கும் குறைவான தொலைவில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்தச் சமயங்களில் உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்து அடித்தளத்துக்குள் அடங்கிவிடும். ஏப்ரலில் உச்சி வெயிலில் வந்தவர் நிழலைக் காணோம் என்பார், டிசம்பரில் அதே நேரத்துக்கு வந்தால் வடக்குப் பக்கம் தரையில் நீளமாகக் கிடக்கும்.

இதை எழுதியிருந்தால் அந்தப் பெண் நிழலை வைத்தே விமானத்தின் உயரத்தை அளந்திருப்பாள். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் நிழல் அரை மீட்டராகும் வரை காத்திருந்தால் போதும், அந்த நேரத்தில் விமானத்தின் நிழலும் உயரத்தில் பாதிதான். அடித்தளத்தின் சுவரிலிருந்து நிழலின் நுனி வரை அளந்து, அதோடு 15 மீட்டரைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் உச்சிக்கு நேர் கீழே உள்ள இடம் கட்டடத்துக்கு உள்ளே இருக்கிறது. அதை இரண்டால் பெருக்கினால் உயரம் தோராயமாக வந்துவிடும். நிழல் சுவருக்குச் சாய்வாக விழுந்தால் விடை கொஞ்சம் தள்ளிப்போகும், அது ஏன் என்பது அடுத்த கேள்வி.

அதே புத்தகத்தில் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் இருந்தது. அது பல துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தியது. பெரிய நந்தியை ராஜராஜன் வைத்தான் என்று இருந்தது. இப்போது இருக்கும் நந்தி நாயக்கர் காலத்தது. எழுதியவரைக் கேட்டால் "இணையத்துல எல்லா இடத்துலயும் இருக்கு சார்" என்கிறார். எல்லா இடத்திலும் இருப்பது ஒரே வரி, ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப் போட்டது.

இத்தனைக்கும் அதே விமானத்தின் அடியில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. நாம் கொடுத்தவை, அக்கன் (அக்கா) கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் வெட்டி வையுங்கள் என்று அரசர் சொன்னதாக அதில் வருகிறது. ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தார், எடை 3,083 பலம் (பலமும் கழஞ்சும் அந்தக் கால எடை அளவுகள்). அதன் மேல் போர்த்திய பொன்தகடு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறரைக் கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக்கூட விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்தவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்து, நிழல் விழாது என்று எழுதலாமா?

பெரியவர்களுக்கான புத்தகத்தில் தவறு இருந்தால் யாராவது மறுத்து எழுதுவார்கள். பிள்ளைகள் புத்தகத்தை மறுத்து யாரும் எழுதுவதில்லை. அது பள்ளி நூலக அலமாரியில் பல வருடம் இருந்து, கிழிகிற வரை கைமாறிக்கொண்டே போகும். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம், அதிசயம் என்று தோன்றுகிற ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் 'யார் அளந்தது?' என்று எழுதச் சொல்கிறேன். பதில் கிடைக்காத வரி வெளியே போக வேண்டும், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ராமானுஜன் இருக்கிறார், கணக்கு இல்லை

கும்பகோணத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களே இதைச் செய்கிறார்கள். வறுமை, டவுன் ஹைஸ்கூல், நாமகிரித் தாயார் கனவு, 1914இல் கப்பல், 1920இல் மரணம். அவர் செய்த கணக்கு ஒரு வரி கிடையாது. கையில் நான்கு புளியங்கொட்டையைக் கொடுத்து எத்தனை விதமாகக் கூறு போடலாம் என்று கேளுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். ஐந்து கொட்டைக்கு ஏழு விதம், பத்துக்கு 42. நூறு கொட்டைக்கு 19 கோடியைத் தாண்டிவிடும். இந்த எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்பதைத்தான் அவர் இங்கிலாந்தில் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து ஆராய்ந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தரையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைத் தொட்டுவிடலாம்.

ஓவியர் வயலுக்குப் போகவில்லை

நாற்று நடுகிறவர்கள் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவார்கள், படத்தில் நட்ட நாற்றை மிதித்துக்கொண்டு முன்னால் வருகிறார்கள். நம் ஊரில் மூன்றாம் பிறை பெரும்பாலும் படகு போலச் சாய்ந்து கிடக்கும், படத்தில் நிமிர்ந்து நிற்கிறது. ஓவியருக்குக் குறிப்பு எழுதிக்கொடுப்பது நம் வேலை.

அரசர் பட்டியல்

வரலாறு ஆகாது.

செய்து பார்க்காத "செய்து பார்"

ஒரு எலுமிச்சம்பழம், ஒரு செப்புக்கம்பி, ஒரு ஆணி, பளிச்சென்று எரியும் பல்பு. இந்தப் படம் வராத அறிவியல் புத்தகம் அபூர்வம். ஒரு பழத்தில் கிடைப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, சிவப்பு எல்இடிக்கே கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் வேண்டும். மூன்று நான்கு பழத்தைத் தொடராக இணைத்தால், அதுவும் ஆணி துத்தநாகம் பூசியதாக இருந்தால், இருட்டறையில் மங்கலாகத் தெரியும். டார்ச் பல்பு எரியவே எரியாது, அவ்வளவு மின்னோட்டம் அதில் வராது. ஆனால் செய்து பார்த்து எரியாமல் போன பிள்ளை புத்தகத்தைக் குறை சொல்லாது, "எனக்கு வரலை" என்று ஒதுங்கிவிடும். அதனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு, நீங்கள் வாயே திறக்காமல், எழுதியதை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறார்களோ, அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.