மூடினாலும் தூங்காத லேப்டாப்

காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்து மடியில் இருந்த பையைத் தொட்டால், சுடுகிறது. மூடி வைத்த லேப்டாப் உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வேலூர் கத்திரி வெயிலில் பேட்டரி எப்படித் தாங்கும்? பதறிப்போய் அணைத்தேன்.

அதில் இருப்பது ஆல்பைன் லினக்ஸ் என்ற இயங்குதளம். யார் லாகின் ஆகியிருக்கிறார் என்று கணக்கு வைப்பதும், மூடியை மூடினால் தூங்க வைப்பதும் ஈலாகின்டி (elogind) என்ற பின்னணி புரோகிராமின் வேலை. பல லினக்ஸ்களில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லாகின்டியைத் தனியே பிரித்தெடுத்து உருவாக்கியது அது.

வீட்டுக்கு வந்ததும், என்னென்ன சர்வீஸ்கள் (பின்னணி புரோகிராம்கள்) ஓடுகின்றன என்று காட்டும் 'ஆர்சி-ஸ்டேட்டஸ்' கட்டளையை அடித்தேன். ஓடும் சர்வீஸ்களில் ஈலாகின்டி பெயரே இல்லை! பேக்கேஜை இன்ஸ்டால் செய்திருந்தேன், அவ்வளவுதான். ஆல்பைனில் அது போதாது. பூட் ஆகும்போது தொடங்க வேண்டியதை நாமேதான் சேர்க்க வேண்டும். ரூட்டாக, அதாவது நிர்வாகி கணக்கில் போய் 'ஆர்சி-அப்டேட் ஆட் டிபஸ்', பிறகு 'ஆர்சி-அப்டேட் ஆட் ஈலாகின்டி'. டிபஸை மறந்துவிடாதீர்கள், மற்ற புரோகிராம்கள் ஈலாகின்டியோடு பேசுவதே அதன் வழியாகத்தான்.

ரீபூட் செய்து, யார் லாகின் ஆகியிருக்கிறார் என்று காட்டும் 'லாகின்சிடிஎல்' அடித்தேன். என் பெயர், பக்கத்தில் 'சீட்0', அதாவது இந்த லேப்டாப்பின் திரையும் கீபோர்டும். மூடியை மூடினேன். விசிறிச் சத்தம் நின்றது, ஓரத்து விளக்கு மெல்ல மினுக்கத் தொடங்கியது.