பிள்ளையின் வீட்டுப்பாடம் குழப்புகிறதா? முந்தின பக்கத்தைத் திருப்புங்கள்

8 + 5 = 10 + □

இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பயிற்சித் தாளில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் பல பெற்றோர் அச்சுப் பிழை என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். எட்டும் ஐந்தும் பதின்மூன்று. நடுவில் இந்தப் பத்து எங்கிருந்து முளைத்தது? “பதின்மூணுன்னு எழுதுடா” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் அந்தக் கட்டத்தின் மேல் சிவப்பு மையில் தப்புக் குறி.

கேள்வி சரியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு வகுப்பில் நடந்தது பத்தாக்கிக் கூட்டும் பாடம். எட்டு பத்தாக இரண்டு வேண்டும். ஐந்திலிருந்து அந்த இரண்டை எடுத்துக் கொடுத்தால் மூன்று மிச்சம். கட்டத்தில் வர வேண்டியது 3. முந்தின பக்கத்தில் பத்துக் கட்டம் போட்டு, புள்ளி வைத்து, இதையே படமாகக் காட்டியிருப்பார்கள்.

சின்ன வகுப்பு வீட்டுப்பாடத்தில் பெரியவர்கள் செய்யும் முதல் தவறு, கேள்வியை மட்டும் பிய்த்து எடுத்துப் படிப்பது. நாம் எழுதிப் பழகிய தேர்வுத்தாளில் ஒவ்வொரு கேள்வியும் தனியாக நிற்கும். ஒன்று முதல் மூன்று வகுப்புவரை அப்படி இல்லை. அங்கே கேள்வி என்பது பாடத்தின் கடைசி வரி. மேலே இருப்பதைப் படிக்காமல் கடைசி வரியை மட்டும் படித்தால் பட்டம் வாங்கியவருக்கும் புரியாது.

‘பொருந்தாததை வட்டமிடுக’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு, கோழி, நாய், பூனை. கால்களை எண்ணும் பாடம் என்றால் விடை கோழி. விலங்குகள் என்ன சாப்பிடும் என்ற பாடம் என்றால் புல் தின்னும் மாடு. இதில் எது சரி என்று அப்பாவும் தாத்தாவும் கூடத்தில் அரை மணி நேரம் வாதாடுவதில் பயனில்லை. பாடத் தலைப்பைப் பார்த்தால் தீர்ந்தது. ‘படம் பார்த்துப் பெயர் எழுதுக’ என்பதும் அப்படித்தான். படத்தில் இருப்பது குடமா, பானையா, சட்டியா? வரைந்தவருக்கே சந்தேகம் இருந்திருக்கும். அன்றைக்கு நடந்தது ப, பா வரிசை என்றால் அது பானை.

சமக்குறியைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘சமக்குறி போட்டால் விடை வரும்’ என்று வீட்டில் சொல்லிக்கொடுப்பது பின்னால் பெரிய தொல்லை. 8 + 4 = □ + 5 என்று அமெரிக்கப் பிள்ளைகளிடம் கேட்ட ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. பெரும்பாலான பிள்ளைகள் 12 அல்லது 17 என்று எழுதினார்கள். ஆறாம் வகுப்பிலும் அதே கதை. சரியான விடை 7. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதைத்தான் பத்தாக்கும் கணக்கு மெல்லப் பழக்குகிறது.

நம் வழிதான் வழி என்பது

52 − 17. நமக்குத் தெரிந்தது ஒரே பாட்டு: “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு.” விடை 35 வந்துவிடும். ஆனால் பிள்ளை வாங்கியது ஒன்றா பத்தா, ஏன் அதைத் திருப்பித் தரவில்லை என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. பாடப்புத்தகத்தில் ஐந்து பத்துகளில் ஒன்றைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்க்கச் சொல்கிறார்கள். நான்கு பத்துகளும் பன்னிரண்டு ஒன்றுகளும் ஆகிவிடும். கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

சில தாள்களில் இதற்கு எண்கோடு போட்டிருக்கும். 17-இலிருந்து 20-க்கு ஒரு தாவல், 20-இலிருந்து 50-க்கு ஒரு தாவல், அங்கிருந்து 52. தாவல்களைக் கூட்டினால் 3 + 30 + 2 = 35. “கழித்தல் கணக்கில் எதற்குக் கூட்டுகிறார்கள்?” என்று கோபப்படுகிறவர்கள் மளிகைக் கடையில் நின்று பார்க்கலாம். 63 ரூபாய்க்குச் சாமான் வாங்கி நூறு ரூபாய் நீட்டினால், அண்ணாச்சி 63-இலிருந்து 70, 70-இலிருந்து 100 என்று ஏறி எண்ணித்தான் மீதியைக் கையில் வைப்பார். புது முறை என்று நாம் திட்டுவது பல சமயம் கடைத்தெருவில் புழங்கும் பழைய முறைதான்.

அதற்காக நம் முறையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. பள்ளியில் காட்டிய வழியில் பிள்ளை ஒருமுறை செய்து முடிக்கட்டும். அப்புறம் உங்கள் வழியில் சரிபார்த்துக் காட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினால்தான் சிக்கல்.

போனில் படம் பிடித்து விடை கேட்பதிலும் இதே தவறு ஒளிந்திருக்கிறது. கோழிகளும் ஆடுகளும் சேர்ந்து 8 தலை, 22 கால், ஆடு எத்தனை? செயலிகள் உடனே இரண்டு சமன்பாடு போட்டு நீட்டிவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? எட்டு வட்டம் வரையச் சொல்லுங்கள், அவை தலைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால் போட்டால் 16. மிச்சம் ஆறு காலை இரண்டிரண்டாகப் பங்கிட்டால் மூன்று வட்டத்துக்கு நான்கு கால் வந்துவிடும். மூன்று ஆடு, ஐந்து கோழி. பிள்ளைக்கு இது விளையாட்டு.

‘அதிகம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி

வீட்டிலும் டியூஷனிலும் பரவியிருக்கும் இந்தக் குறுக்குவழிதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் மோசமான தவறு. இது முதல் பத்துக் கணக்குக்கு வேலை செய்யும். அதனாலேயே எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

‘கண்ணனிடம் 12 கோலிக்குண்டுகள் உள்ளன. இது மாலாவிடம் உள்ளதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை?’ அதிகம் என்றதும் பிள்ளை 17 எழுதும். விடை 7. ‘ரவி தன்னிடம் இருந்த கொய்யாப்பழங்களில் 4 கொடுத்துவிட்டான். மீதி 7. முதலில் எத்தனை இருந்தன?’ மீதி என்று வந்தாலும் கூட்டத்தான் வேண்டும், விடை 11. இப்படிப்பட்ட கேள்விகள் பிள்ளையைக் கவிழ்க்க வைத்தவை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சொல்லைப் பிடித்துத் தொங்காமல் கதையைப் புரிந்துகொள்கிறதா என்று பார்க்க வைத்தவை அவை. கோலிக்குண்டு இல்லையென்றால் புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைத்துச் செய்யுங்கள். யாரிடம் அதிகம் என்று முதலில் கேளுங்கள், எத்தனை என்று அப்புறம் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும்.

நாமே எழுதிக் கொடுப்பது

இரவு ஒன்பதரை, பிள்ளைக்குத் தூக்கம், இன்னும் அரைப் பக்கம் பாக்கி. ‘வீட்டில் நீ செய்த உதவிகளை எழுதுக’ என்ற கேள்விக்கு அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதுகிறது: ‘நான் பெற்றோரின் பணிச்சுமையைக் குறைக்கிறேன்.’ ஏழு வயதில் எந்தப் பிள்ளை இப்படிப் பேசும்? ‘தட்டு கழுவினேன், தம்பியப் பாத்துக்கிட்டேன்’ என்று பிழையோடு எழுதினால்தான் எந்த எழுத்து தடுக்குகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இது இன்னும் முக்கியம். 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குக் கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். வீட்டில் யாரோ செய்துகொடுத்த தாளைப் பார்த்து ஒரு பிள்ளையின் நிலையை எப்படி அறிவது? ‘பக்கத்து வீட்டுப் பையனும் இதே வகுப்புதானே, அவனுக்கு ஏன் வேறு வேலை?’ என்று குழம்புகிறவர்களுக்கும் பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. அப்படியும் தினமும் நோட்டு நிறைய வந்தால் அதைப் பள்ளியில் கேட்கலாம். ஆனால் “உங்க மிஸ்ஸுக்கு வேற வேலை இல்ல” என்று பிள்ளை முன்னால் சொல்லிவிட்டால், மறுநாள் அந்த மிஸ் சொல்வதைப் பிள்ளை எதற்குக் கேட்க வேண்டும்?

எல்லாக் கேள்விக்கும் விடை உண்டு என்று நம்புவது

2018-இல் சீனாவின் நான்சோங் நகரில் ஐந்தாம் வகுப்புத் தேர்வு ஒன்றில் கேட்டார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகள், 10 வெள்ளாடுகள் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 36 என்று கூட்டி எழுதிய பிள்ளைகளும் உண்டு. போதிய விவரம் இல்லை என்று பிள்ளைகள் துணிந்து சொல்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டோம் என்றது அங்குள்ள கல்வித்துறை. ‘இதற்கு விடை சொல்ல முடியாது’ என்பதும் விடைதான் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

சரி, நிஜமாகவே தப்பான கேள்வியும் வரத்தான் செய்யும். ‘சிவப்புப் பந்துகளை எண்ணுக’ என்று போட்டுவிட்டு, தாளைக் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ‘பொருத்துக’வில் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் நான்கு இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கும். இப்படி நேர்ந்தால் வகுப்புக் குழுவில் நாற்பது பெற்றோரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். நீங்களாக ஒரு விடையை ஊகித்தும் எழுத வேண்டாம். முதலில் பிள்ளையிடமே கேளுங்கள். “அது சும்மா நாலு பந்தும்மா, மிஸ் போர்டுல காட்டினாங்க” என்று சில சமயம் அதுவே சொல்லிவிடும். தெரியாது என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் ‘நிறம் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை என்றால் அதையும் பிள்ளையே எழுதட்டும்.